கரையில் அடுப்பு மூட்டியவர்

(உயிர்ப்புக் காலம் 3ஆம் ஞாயிறு. வானொலி மறையுரை. நற்செய்தி: யோவான் 21:1-19)



முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. புத்தகப் பையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, "இந்த வருஷம் எங்கே போகிறோம்?" என்று பிள்ளைகள் நம்மைக் கேட்கத் தொடங்கியிருக்கும் நாள்கள் இவை. முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கே இடமிருந்ததில்லை. தாத்தா பாட்டி ஊருக்குப் போவோம். வேளாங்கண்ணிக்கு ஒரு நடை போய், நேர்ந்துகொண்ட மொட்டையை அடித்துக்கொண்டு வருவோம். அவ்வளவுதான் விடுமுறை. இப்போது பலருக்கு ஊரில் வீடு இல்லை. இருந்தாலும் பூட்டிக் கிடக்கிறது. ஆகவே நம் குடும்பங்களும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை விடுகின்றன. முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று அந்த வழியில் கடலைப் பார்த்தபடி எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறோம். பால்கனியில் நின்றால் வங்கக் கடல். கீழே பெரியவர்களுக்கு ஒரு நீச்சல் குளம், குழந்தைகளுக்கு முழங்கால் ஆழத்தில் இன்னொன்று.

இதில் தவறு ஒன்றுமில்லை. பணிக்குப் போய்த் திரும்பிய திருத்தூதர்கள் உண்ணவும் நேரமின்றி அலைக்கழிவதைக் கண்ட ஆண்டவர், சற்று ஒதுங்கிப்போய் இளைப்பாற வருமாறு அவரே அவர்களை அழைத்தார். மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் இதைக் காண்கிறோம். ஓய்வெடுக்க ஆசைப்படுவதற்காக நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஓய்வு வீட்டில் யார் யாருக்குக் கிடைக்கிறது என்பதை இன்று கொஞ்சம் பார்ப்போம்.

ஓட்டலில் தங்காமல் இப்படி வீடாகவே எடுப்பது ஏன்? நாம் சொல்லும் முதல் காரணம், "அங்கே சமையலறை இருக்கிறது." நியாயமான காரணம்தான். ஆறு பேர் மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் மாதச் சம்பளத்தில் ஒரு துண்டு போய்விடும். சின்னக் குழந்தைக்குப் பருப்புச் சாதம் வேண்டும். தாத்தாவுக்குச் சர்க்கரை. எல்லாம் சரி. ஆனால் சமையலறை இருக்கிறது என்று சொல்லும்போதே, அதற்குள் நிற்கப்போவது யார் என்பதையும் நாம் சொல்லாமல் முடிவுசெய்துவிடுகிறோம். புறப்படுவதற்கு முந்தின இரவு மாவு அரைப்பவர் அவர். இட்லிப் பொடி, மிளகாய்த்தூள், புளி, குக்கர், தோசைக்கல் என்று அவருக்கென்று தனியாக ஒரு பை. போய்ச் சேர்ந்ததும் அப்பாவும் பிள்ளைகளும் துண்டை எடுத்துக்கொண்டு லிப்டில் இறங்குகிறார்கள். அம்மா, புது அடுப்பில் எந்தத் திருகு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று நாளும் அவர் கடலைப் பார்ப்பது பெரும்பாலும் சமையலறைச் சன்னல் வழியாகத்தான். மாலையில் நனைந்த துணிகளையும் அவரே பால்கனியில் காயப்போடுகிறார். திரும்பி வந்தபின் யாராவது, "லீவு எப்படி இருந்தது?" என்று கேட்டால், "பிள்ளைகளுக்கு ரொம்பச் சந்தோஷம்" என்கிறார். அந்தப் பதிலை நாம் கூர்ந்து கேட்டிருக்கிறோமா?

ஓய்வுநாள் கட்டளை இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த நாளில் யாரெல்லாம் வேலை செய்யக் கூடாது என்று அங்கே ஒரு பட்டியல். நீ, உன் மகன், உன் மகள், அடிமை, அடிமைப்பெண், மாடு, கழுதை, மற்றக் கால்நடை, உன் ஊரில் தங்கியிருக்கும் அன்னியன் வரை பெயர் சொல்லப்படுகிறது. கழுதைக்குக்கூட ஓய்வு உண்டு. ஆனால் மனைவி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை! 'நீ' என்ற சொல்லுக்குள் கணவனும் மனைவியும் அடக்கம் என்று விவிலிய அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். நல்ல விளக்கம், நாமும் அதை ஏற்றுக்கொள்வோம். நம் வீடுகளில் விடுமுறைக்குத் திட்டம் போடும்போதும் அந்த 'நீ' இருவரையும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும் அல்லவா?

அதே பட்டியலில் பணியாளரின் பெயர் தெளிவாகவே இருக்கிறது. நீ ஓய்வதுபோலவே அவர்களும் ஓய வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவன் என்பதை மறவாதே என்று கட்டளை காரணமும் காட்டுகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் சிலர் கூட்டிப்போகிறோம். குழந்தை குளத்தில், அந்த அக்கா துண்டும் பால் பாட்டிலுமாகக் கரையில், வெயிலில். சில வளாகங்களில் வேலையாள்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். விதியை நம்மால் மாற்ற முடியாமல் போகலாம். ஒரு நாற்காலியும் நிழலும், மாலையில் ஒரு மணி நேரம் கடற்கரையில் காலாற நடந்துவர விடுதலையும் கொடுக்க எந்த விதி தடுக்கிறது?

குளத்தைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை மறையுரையில் சொல்லலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். சொல்லத்தான் வேண்டும். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை. தண்ணீரில் மூழ்கும் குழந்தை சினிமாவில் காட்டுவதுபோல் கையை ஆட்டிக் கத்துவதில்லை. பெரும்பாலும் சத்தமே வருவதில்லை. குளத்தைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு செல்போன் அழைப்பை எடுத்துப் பேசி முடிக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

எருசலேம் திருவிழா முடிந்து திரும்பும் வழியில், சிறுவன் இயேசு உறவினர் கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டே மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணம் நடந்துவிட்டார்கள். அவருக்கு அப்போது வயது 12. அந்தத் திருக்குடும்பத்துக்கே நேர்ந்ததுதான் நமக்கும் நேர்கிறது. அப்பா பார்த்துக்கொள்வார் என்று அம்மாவும், சித்தப்பா இருக்கிறார் என்று அப்பாவும், எல்லாரும்தானே இருக்கிறார்கள் என்று சித்தப்பாவும் நினைக்கிறார்கள். எல்லாரும் இருக்கும் இடத்தில்தான் யாரும் பார்ப்பதில்லை. ஆகவே முறை வைத்துக்கொள்வோம். இந்த அரை மணி நேரம் பார்ப்பது இவர் என்று வாய்விட்டுச் சொல்லி ஒருவரை நிறுத்துவோம். அவர் போனை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, கை எட்டும் தூரத்தில் நிற்கட்டும். குழந்தைகளின் குளம் முழங்கால் ஆழம்தானே என்று விட்டுவிட வேண்டாம். தவழும் குழந்தைக்கு அது போதும். பல குளங்களில் உயிர்காக்கும் காவலர் கிடையாது. வாடகை பேசும்போதே அதைக் கேட்டுக்கொள்வோம்.

இப்போது இன்றைய நற்செய்திக்கு வருவோம். இதுவும் கடற்கரைதான். யோவான் இதைத் திபேரியக் கடல் என்கிறார். திபேரியா, உரோமைப் பேரரசன் திபேரியுவின் பெயரால் ஏரோது அந்திப்பா கட்டிய நகர். பக்கத்திலேயே வெந்நீர் ஊற்றுகளும் குளியல் இடங்களும் இருந்தன. அன்றைக்கும் ஒரு கரையில் வசதி உள்ளவர்கள் நீராடிக்கொண்டிருக்க, அதே நீரில் இரவெல்லாம் வலை வீசுகிறவர்களும் இருந்தார்கள். கோவளத்தில் விடியற்காலையில் பால்கனிக்கு வந்து நின்றால், படகை மணலில் ஏற்றுகிற மீனவச் சகோதரர்களைப் பார்க்கலாம். சில நாள் கூடை நிறைய, சில நாள் டீசல் காசுக்கும் வழியில்லை. சீடர்கள் ஏழு பேருக்கும் அன்று இரவு ஒன்றுமில்லை. கண்ணெரிச்சலும் பசியுமாக அவர்கள் வரும்போது, கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் வலையைப் போட்டதும் 153 பெரிய மீன்கள்! பேதுருவோ மேலாடையைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்துவிட்டார். (நம் குளத்தருகே தொங்கும் விதிப்பலகை இதை அனுமதித்திருக்காது.)

கரையேறியதும் அவர்கள் கண்டது என்ன? கரி நெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். சாவை வென்று எழுந்தவர், அந்த விடியலில் சுள்ளி பொறுக்கி, நெருப்பு மூட்டி, புகையை ஊதி, மீனைத் திருப்பிப் போட்டிருக்கிறார். யாரும் கேட்காமலே செய்திருக்கிறார். சாப்பிட வாருங்கள் என்று அழைக்கிறார். அப்பத்தை அவரே எடுத்துக் கொடுக்கிறார். இந்தப் பகுதியைப் படிக்கும்போது நாம் 153 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்று தேடுகிறோம். அந்த அடுப்பைத் தாண்டிப் போய்விடுகிறோம். நம் ஊர் ஆண்கள் இந்தக் காட்சியின் முன் சற்று நேரம் உட்கார்வது நல்லது. விடுமுறையின் ஒரு காலையிலாவது அம்மா எழுந்து வரும்போது காப்பி தயாராக இருக்கட்டும். உப்புமா கட்டிதட்டினாலும் பரவாயில்லை, யாரும் குறை சொல்ல வேண்டாம். பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டு வருமாறு ஆண்டவர் சீடர்களிடமும் கேட்டார் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்வோம். வெங்காயம் உரிக்க எட்டு வயது போதும்.

கரி நெருப்பு என்பதற்கு யோவான் எழுதும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று இந்தக் கரையில். மற்றொன்று, தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன அந்த இரவில். அந்த மூன்று மறுதலிப்பும் இருவருக்கும் நடுவே பேசப்படாமல் கிடந்தது. ஆண்டவர் அதை எடுத்தார்தான். மும்முறை அன்பைப் பற்றிக் கேட்டார்தான். ஆனால் எப்போது? அவர்கள் உண்டபின். நனைந்து, பசித்து, வெறுங்கையோடு வந்தவனிடம் அவர் கணக்குக் கேட்கவில்லை.

நம் குடும்பங்களில் பேசப்படாமல் கிடப்பவை எத்தனை! பாகம் பிரித்ததில் அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை. கணவன் மனைவிக்குள் ஓர் ஆண்டுப் பழைய சொல் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளை குளத்தில் விளையாடுவதுபோல் தெரிகிறது. ஆனால் முடிவு வரும் நாளை எண்ணி எண்ணி வயிறு கலங்கிக்கொண்டிருக்கிறது. மதிப்பெண் எதிர்பார்த்தது வரலாம், வராமலும் போகலாம். வராமல் போனால் நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பது, இந்த மே மாதத்தில் நம் சில வீடுகளில் ஓர் உயிரைப் பற்றிய கேள்வி. முடிவு வரும் முன்பே, இந்த விடுமுறையில், சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவிவைத்தபின், பால்கனியில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வோம். எவ்வளவு வந்தாலும் நீ எங்கள் பிள்ளை என்று வாயைத் திறந்து சொல்வோம். அதுதான் தெரியுமே என்று இருந்துவிட வேண்டாம். அன்பு உண்டென்று தெரிந்திருந்தும் ஆண்டவர் மூன்று முறை கேட்டார், மூன்று முறை பதில் வாங்கினார்.

கடைசியாக, அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. கோவளத்தில் கடலோரமாகவே கார்மேல் அன்னை ஆலயம் இருக்கிறது. ஞாயிறு திருப்பலி நேரத்தைச் சனிக்கிழமையே கேட்டு வைத்துக்கொண்டு, காலை உணவை யார் செய்வது என்பதையும் அன்றிரவே பேசி முடித்துவிடுவோம்.