இங்கிலாந்துக் கிராமத்தில் எட்டு ஆண்டுகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வெளிநாட்டிலிருந்து வருகிறவனிடம் எல்லோரும் லண்டனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் லண்டனுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை போனால் அதிகம். நான் குடியிருப்பது கேம்பிரிட்ஜுக்கு வடக்கே, ஈலி என்ற சிறு நகரத்திலிருந்து சில மைல் தள்ளி ஒரு கிராமத்தில். வேலை கேம்பிரிட்ஜில். அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் தள்ளித் தள்ளிப் போய், 2017இல் இங்கே வந்து சேர்ந்தோம். ஆறு மாதம் இருந்துவிட்டு வேறு இடம் பார்க்கலாம் என்பது திட்டம். எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

எங்கள் வட்டாரத்துக்கு ஃபென்ஸ் என்று பெயர். ஒரு காலத்தில் முழுக்கச் சதுப்பு. ஈல் என்றால் விலாங்கு மீன்; அந்த மீன் நிறைந்த சதுப்புக்கு நடுவே தீவு போல் இருந்ததால் ஈலி என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1630களில் பெட்ஃபோர்டு பிரபுவும் கூட்டாளிகளும் பணம் போட, வெர்மைடன் என்ற டச்சுப் பொறியாளர் அந்தச் சதுப்பை வடிக்க ஆரம்பித்தார். சுமார் 21 மைலுக்கு நூல் பிடித்த மாதிரி ஒரு கால்வாய். 1650களின் தொடக்கத்தில் அதற்கு இணையாக இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலத்தை வெள்ளம் தேங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இன்றும் குளிர்காலத்தில் அங்கே வெள்ளம் தேங்குகிறது. அதன் குறுக்கே போகும் வெல்னி சாலை மூழ்கிவிட்டால், எதிரே தெரிகிற ஊருக்குப் போகப் பல மைல் சுற்ற வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் நல்ல விளைநிலம் கிடைத்தது. ஆனால் அந்த மண் சாதாரண மண் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாணலும் பாசியும் முழுதாக மட்காமல் நீரில் ஊறிச் சேர்ந்த கரிய மண், பீட் என்பார்கள். ஈரம் போனால் சுருங்கும். காற்றுப் பட்டால் மட்கிக் கரியமில வாயுவாகப் போய்விடும். ஆக, வடிக்க வடிக்க நிலம் தாழ்கிறது; நிலம் தாழத் தாழ இன்னும் ஆழமாக வடிக்க வேண்டியிருக்கிறது. இன்றும் ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை இறங்குகிறது என்பது கணக்கு.

மாணவர்கள் இங்கிலாந்து வந்தால் ஹோம் ஃபென் என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்த விட்டில்சி ஏரியை 1851இல் வற்ற வைத்தார்கள். அதே ஆண்டு லண்டன் பெருங்காட்சியில் ஆப்போல்ட் என்பவர் காட்டிய மையவிலக்குப் பம்புதான் அந்த வேலையைச் செய்தது. நம் நீரியல் ஆய்வுக்கூடத்து மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பம்பின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு இரும்புத் தூணைத் தரைக்குள் இறக்கி, தலை மட்டும் தரைமட்டத்தில் இருக்கும்படி விட்டார்கள். இன்று அந்தத் தூண் சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் நின்ற இடத்தில்தான் நிற்கிறது, ஊர்தான் கீழே போய்விட்டது. அண்ணாந்து பார்க்கும்போது வயிற்றைக் கொஞ்சம் பிசையும்.

நான் கொள்ளிடக் கரைக்காரன். கரை மேலே நின்று வயலைக் குனிந்து பார்த்து வளர்ந்தவன். இங்கேயும் ஆறு மேலே, வயல் கீழே. நம்ம ஊரில் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவரச் சண்டை. இங்கே வயலிலிருந்து வெளியே அனுப்பச் செலவு. வயல் வாய்க்காலிலிருந்து பெரிய வடிகாலுக்கு, அங்கிருந்து பம்பு தூக்கி ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து டென்வர் மதகு வழியாகக் கடலுக்கு. முதலில் காற்றாலை, பிறகு நீராவி, பிறகு டீசல், இப்போது பெரும்பாலும் மின்சாரம். ஸ்ட்ரெத்தம் என்ற ஊரில் 1831இல் வைத்த நீராவி இயந்திரம் இன்னும் காட்சிக்கு இருக்கிறது. இந்தப் பம்புகளை ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டால் சில மழைக்காலத்திலேயே வட்டாரம் பழைய சதுப்பாகிவிடும்.

இனி வாழ்க்கையைச் சொல்கிறேன். சாலை அலை அலையாக இருக்கும். வேகமாகப் போனால் தலை காரின் கூரையில் முட்டும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டு, தெருவிளக்கும் நாலைந்துதான். எரிவாயுக் குழாய் கிடையாது. தோட்டத்தில் எண்ணெய்த் தொட்டி வைத்து, அதில்தான் வீட்டைச் சூடாக்குகிறோம். தனித்தனியாக வாங்கினால் விலை கூடுதல் என்று ஊரே சேர்ந்து ஆர்டர் கொடுக்கும். வாசலில் முட்டையை வைத்துப் பக்கத்தில் காசு போட ஒரு டப்பாவும் வைத்திருப்பார்கள், ஆள் இருக்காது. பேருந்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மனிதர்கள்? முதல் வருடம் ஒருவரும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. வழியில் பார்த்தால் ‘ஆல் ரைட்?’ என்பார்கள். அது கேள்வி இல்லை என்று புரியவே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. பதில் சொல்வதற்குள் ஆள் போய்விடுவார். என் மனைவிக்கு அந்த முதல் குளிர்காலம் மிகவும் கஷ்டம். ‘கதவைத் தட்டி ஒரு டம்ளர் சர்க்கரை கேட்க ஆள் இல்லாத ஊர் என்ன ஊர்?’ என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

பிறகு ஊர் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் பார்த்தாள். மாதம் ஒரு நாள் வயதானவர்களுக்குச் சூப் போட ஆள் தேவை என்று. பெயர் எழுதிவிட்டு வந்தாள். அங்கேதான் பூட்டு திறந்தது. அந்த ஊரில் சிரித்துப் பேசி உள்ளே போக முடியாது, முறை எடுத்துக்கொண்டுதான் போக முடியும். சூப்புக்கு முறை, வெள்ளக் கண்காணிப்புக்கு முறை, புல் வெட்ட முறை. ஊர் மன்றம் 1894 சட்டத்தின்படி வந்தது. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. கூட்டத்தில் நடைபாதை வேலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். வயலின் குறுக்கே போகும் பொதுப்பாதையை உழுதுவிட்டால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு மறுபடி சரிசெய்து தர வேண்டும் என்பது சட்டம். அதை டேப் வைத்து அளக்கிற பாட்டி ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. நம் குடிமராமத்து நினைவுக்கு வரும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பம்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார். எனக்கு நாக்கு வரவில்லை. என் மகள் ‘தாத்தா’ என்கிறாள். கிறிஸ்துமஸ் அட்டையில் ‘தாத்தா’ என்று ஆங்கில எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்.

இப்போது ஊரைப் பிரித்துப் போட்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தாழ்கிற நிலத்தை நிறுத்த ஒரே வழி, நீர்மட்டத்தை மறுபடி உயர்த்துவது. ஹோம் ஃபென் பக்கம் 2001இல் தொடங்கிய கிரேட் ஃபென் திட்டத்தில் பெரும்பரப்பை அப்படி ஈரமாக்கி வருகிறார்கள். ஈர நிலத்திலேயே விளையும் பயிர்களையும் சோதிக்கிறார்கள். எங்கள் ஊர் மண்டபத்தில் இதைப் பற்றிக் கூட்டம் நடந்தபோது உருளைக்கிழங்கு விவசாயி ஒருவர் எழுந்தார். ‘என் தாத்தாவை வடிக்கச் சொன்னீங்க. போர்க்காலத்துல என் அப்பாவை இன்னும் வடிக்கச் சொன்னீங்க. இப்ப என்னை ஊற வைக்கச் சொல்றீங்க. கடனை யாரு கட்டுறது?’ என்றார். மண்டபம் அமைதியாகிவிட்டது. அவர் கேட்டது நியாயம். மண் கரைகிறது என்பதும் உண்மை. பொறியாளன் என்ற முறையில் என் கருத்து, நீர்மட்டத்தை உயர்த்தித்தான் ஆக வேண்டும், ஆனால் அந்தச் செலவை அவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. இதை அங்கேயும் சொன்னேன். விவசாயி அன்று என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் வழக்கம்போல ‘ஆல் ரைட்?’ என்றார்.

இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. பெரியவர் தன் மகனிடம் போகப்போகிறார். வீட்டை எங்களுக்கே தர விரும்புகிறார். அந்த வீடு ராடன் என்கிற மேட்டின் ஓரத்தில் இருக்கிறது. ராடன் என்றால் பழங்காலத்து ஆற்றின் வண்டல். சுற்றிலும் பீட் இறங்கிவிட, அன்று பள்ளமாக ஓடிய ஆறு இன்று மேடாக நிற்கிறது. வீட்டின் முன்பக்கம் மேட்டில், பின்பக்கம் பீட்டில். சமையலறைத் தரையில் கோலிக்குண்டை வைத்தால் தானே மூலைக்கு உருண்டு போகும். ‘இறங்குகிற மண்ணில் போய் யாராவது வீடு வாங்குவார்களா?’ என்று என் அப்பா தொலைபேசியில் கேட்கிறார். என் மனைவி, ஒரு காலத்தில் சர்க்கரைக்கு ஆள் இல்லை என்றவள், வாங்கலாம் என்கிறாள்.

பின்சுவர் விரிசலின் மேல் இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அளவி பொருத்தியிருக்கிறேன். இதுவரை ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. இரண்டு வருடம் போதாது என்று நமது கட்டுமானப் பேராசிரியர் தலையசைப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஊர் திரும்பியதும் அடுத்த அளவு எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பெரியவருக்குப் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் ஜனவரியில் வாருங்கள். ஐஸ்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கில் அன்னங்கள் வந்து வெல்னி வெள்ளத்தில் இறங்கியிருக்கும். ரப்பர் பூட்ஸ் எங்கள் வீட்டில் மூன்று ஜோடி இருக்கிறது.