சீரொளியும் அயனிமமும்



அமிர்திக் காடு சவ்வாது மலையைச் சார்ந்தது. அம்மலைக்கு அணித்தாக, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழிலால் வாழும் ஊர்கள் பாலாற்றை ஒட்டி நிரலாக அமைந்துள்ளன. தோல் தொழிலில் சீரொளிப் பொறிகளும் இன்று இடம்பெற்றுவிட்டன. கத்தி படாமலே தோல் வெட்டுண்கிறது. உளி படாமலே அதில் பூவேலை பதிகிறது. அதே மலைத்தொடரில் காவலூர் உள்ளது. அங்கு 1986ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வைணு பாப்பு தொலைநோக்கி, 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியால் விண்மீன்களை ஆய்கிறது. தோலை வெட்டுவது சீரொளி. விண்மீனாய் ஒளிர்வது அயனிமம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருதால் என்ன நிகழும் என்பதே இப்பொழிவின் பொருள்.

முதலில் சொற்களைத் தெளிந்துகொள்வோமாக. லேசர் என்று உலகம் வழங்குவதே சீரொளி. கதிரவன் ஒளியில் பல நிற அலைகள், திருவிழாக் கூட்டம்போல், தத்தம் போக்கில் செல்கின்றன. சீரொளியிலோ ஒரே நிற அலைகள், ஒரே தாளத்தில் பறை முழக்கி அடியெடுத்து வைப்பார்போல், ஒன்றித்துச் செல்கின்றன. சீர்ப்பட்ட ஒளி, சீரொளி. சொல்லே பொருளை விளக்கிவிடுகிறது. 1960ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலார் மெய்மன், செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் சீரொளியைப் பிறப்பித்தார்.

திண்மம், நீர்மம், வளி ஆகிய மூன்று நிலைகளை அனைவரும் அறிவர். வளியை மேன்மேலும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எதிர்மின்னிகள், அதாவது எலக்ட்ரான்கள், பிரிந்து திரியத் தொடங்கும். இந்நான்காம் நிலைக்கு 1928இல் லாங்மூர் பிளாசுமா என்று பெயரிட்டார். அதனை அயனிமம் எனலாம். அது தொலைவில் மட்டும் இருப்பதன்று. கார்காலத்தில் சவ்வாது மலைமேல் வெட்டும் மின்னலின் ஒளித்தடமும் அயனிமமே.

தோலை வெட்டும் சீரொளி அத்தோலைச் சுட்டு ஆவியாக்குகிறது, அவ்வளவே. ஆனால் ஒளியின் செறிவைக் கோடி மடங்கு, கோடி கோடி மடங்கு எனப் பெருக்கினால், துடிப்பின் முன்முனையே அணுக்களை உடைத்துவிடும். பின்னால் வரும் ஒளி தோலையோ மாழையையோ காண்பதில்லை. தானே படைத்த அயனிமத்தைத்தான் காண்கிறது.

அந்த அயனிமம் ஒளியை எளிதில் உள்ளே விடுவதில்லை. அதன் எதிர்மின்னிகளுக்கென ஓர் இயல்பான அதிர்வு உண்டு. அடர்த்தி கூடக்கூட அவ்வதிர்வும் விரைவுறும். ஒளியின் அதிர்வு அதனினும் விரைவாயின் ஒளி ஊடுருவும், மெதுவாயின் திரும்பிவிடும். முன்னாளில் இரவு வேளைகளில் தொலைநாட்டு வானொலி தெளிவாகக் கேட்டதற்கும் இதுவே காரணம். வானின் மேலடுக்கிலுள்ள அயனிமம் வானொலி அலையைத் திருப்பி அனுப்பியது. ஒரு மைக்ரான் அலைநீளமுள்ள சீரொளிக்கு, ஒரு கன செண்டிமீட்டரில் ஏறத்தாழக் கோடி கோடி கோடி எதிர்மின்னிகள் இருக்குமிடமே எல்லை. அதற்கப்பால் அது செல்லவியலாது.

இவ்வெல்லையையும் மீறலாம் என்று 1970இல் காட்டியவருள் ஒருவர் காசுமீரத்தில் பிறந்த பிரதிமன் கிருட்டிண கௌ. மற்றவர் அமெரிக்கரான டாசன். ஒளி மிகச் செறிந்தால் எதிர்மின்னிகள் ஒளியின் விரைவை நெருங்கி அசையும். அப்போது ஐன்சுடைன் கோட்பாட்டின்படி அவற்றின் நிறை கூடும். கனத்தவை மெதுவாகவே அதிரும். ஆகவே முன்பு தடுத்த அயனிமமே இப்போது வழிவிடும். ஒரு சதுர செண்டிமீட்டருக்குப் பத்தாயிரம் கோடி கோடி வாட்டு என்னும் செறிவை அணுகும்போது இவ்விளைவு வலுப்பெறுகிறது. 1985இல் மூரூவும் திரிக்லாந்தும் அத்தகைய செறிவுக்கு வழி கண்டனர். துடிப்பை முதலில் நீட்டி, பிறகு பெருக்கி, இறுதியில் சுருக்கினர். அதற்கு 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, தமிழர் நெஞ்சில் நிறுத்தவேண்டிய செய்தி ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த ச. வெ. இராமன், ஒளி சிதறும்போது அதன் நிறம் மாறுவதை 1928இல் கண்டறிந்தார். ஒளி தன் ஆற்றலில் ஒரு பகுதியை மூலக்கூறுக்கு ஈந்துவிட்டுச் சிவப்பு நோக்கி நகர்கிறது. அயனிமத்திலும் இதுபோன்றதே நிகழ்கிறது. சீரொளி தன் ஆற்றலில் ஒரு பங்கை எதிர்மின்னி அலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிச் சிதறுகிறது. வரும் ஒளியும் திரும்பும் ஒளியும் கூடி, ஊஞ்சலைக் காலமறிந்து தள்ளுவதுபோல், அவ்வலையை மேலும் வளர்க்கின்றன. அலை வளர வளரச் சிதறலும் வளர்கிறது. இதற்கும் உலக அறிவியலார் இராமன் பெயரையே இட்டுள்ளனர்.

இச்சிதறல் ஏட்டளவில் நிற்பதன்று. அணுக்கருப் பிணைப்பால் ஆற்றல் பெறும் முயற்சியை இடைமறிக்கும் தடைகளுள் ஒன்று. அமெரிக்காவின் இலாரன்சு இலிவர்மோர் ஆய்வகத்தில் 192 சீரொளிக் கற்றைகள் ஒரு சிறு உருளைக்குள் பாய்கின்றன. உருளையின் உட்சுவர் ஊடுகதிர்களை உமிழ, அவை நீரக வகைகளிரண்டு நிறைந்த சிறு குண்டை நெருக்குகின்றன. வழியில் நிறைந்துள்ள அயனிமத்தில் இராமன் சிதறல் நிகழ்ந்தால், ஒரு பகுதி ஒளி வீணாகும். அன்றியும் விரைந்தோடும் எதிர்மின்னிகள் எரிபொருளை முன்கூட்டியே சூடாக்கிவிடும். சூடேறியதை நெருக்குதல் அரிது. அதனால்தான் அகச்சிவப்பு ஒளியை அங்கே மூன்று மடங்கு அதிர்வுள்ள புறஊதா ஒளியாக மாற்றுகின்றனர். அவ்வொளி ஒன்பது மடங்கு அடர்த்திவரை ஊடுருவும், சிதறலும் குறையும்.

2022 திசம்பர் 5ஆம் நாள் அவர்கள் முதல் வெற்றி பெற்றனர். குறிபொருளுக்குச் சென்ற சீரொளி 2.05 மெகாசூல், வெளிவந்த பிணைப்பாற்றல் 3.15 மெகாசூல். இவ்வெற்றியை எடைபோடவும் கற்கவேண்டும். வீட்டு மின்கணக்கில் ஒரு யூனிட்டு என்பது 3.6 மெகாசூல். கிடைத்தது ஒரு யூனிட்டினும் குறைவு. அச்சீரொளியை எழுப்ப வாங்கிய மின்சாரமோ ஏறத்தாழ 300 மெகாசூல். எண்பது யூனிட்டுக்கு மேல். பின்னர் இதனினும் மிகுதியாக ஆற்றல் கிடைத்த போதும், வாங்கிய மின்சாரத்தை அது எட்டவில்லை. அவ்வாய்வகம் அணுக்குண்டுகளின் காப்பு ஆய்வுக்காகவும் அமைந்தது என்பதையும் மறத்தலாகாது. வெற்றி மெய், நாளையே விளக்கெரியும் என்பது மிகை.

இவ்வாய்வு அயல்நாட்டாருக்கே உரியதன்று. 2002இல் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தாரும் காந்திநகர் அறிவியலாரும் சேர்ந்து, சீரொளி தாக்கிய அயனிமத்தில் புவியின் காந்தப்புலத்தினும் பல கோடி மடங்கு வலிய புலம் நொடிப்பொழுதின் நுண்பகுதியில் தோன்றி மறைவதை அளந்து காட்டினர்.

தோல் தொழிற்கூடத்துச் சீரொளிப் பொறியைக் கையாளும் இளைஞன், தன் கைக்கீழ் ஓடும் ஒளி இன்னது என்று அறியாமலே முதுமை எய்தலாமா? அமிர்தி மலையில் மின்னலைப் பார்த்து வளரும் சிறுமி, அது விண்மீனின் உடன்பிறப்பு என்று தன் தாய்மொழியில் கேளாமலே பள்ளியை விட்டு நீங்கலாமா? அயனிமமும் சீரொளியும் பொருதும் போரைத் தமிழில் சொல்ல இயலாது என்பார் உளரேல், ஊஞ்சலும் பறையும் அவர்க்கு விடை சொல்லும். சொல் உண்டு, பொருள் உண்டு, இராமன் பெயரும் அங்கு உண்டு. வகுப்பறைதோறும் அதனை எடுத்துச் சொல்லும் பணியே எஞ்சியிருக்கிறது. அதனைத் தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒருங்கே மேற்கொள்வாராக!