கேட்டருகே ஒரு வைஃபை
(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன மே மாதம் ஒரு நாள் காலை, நம் செக்யூரிட்டி அண்ணன் என்னை நிறுத்தினார். "சார், ரெண்டு நிமிஷம் ஹாட்ஸ்பாட் போடுறீங்களா? பொண்ணுக்கு ரிசல்ட் வந்திருக்கு, எனக்கு ரீசார்ஜ் முடிஞ்சுபோச்சு" என்றார். போட்டுக் கொடுத்தேன். பெண் பாஸ். அவருக்குச் சந்தோஷம், எனக்குத்தான் உறுத்தல். நம் எல்லோர் வீட்டிலும் வைஃபை இருக்கிறது. வாசலைக் காப்பவர் இரண்டு நிமிடத்துக்குக் கையேந்த வேண்டியிருக்கிறது.

பொது வைஃபை நமக்குப் புதிதல்ல. 2017-இல் தமிழக அரசு 'அம்மா வைஃபை' தொடங்கியபோது, முதலில் வந்த ஐந்து இடங்களில் நம் திருச்சி மத்தியப் பேருந்து நிலையமும் ஒன்று. அப்போது தினம் 20 நிமிடம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு 10 ரூபாய் என்று இருந்தது. ரயில்வேயில் 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளும் ரயில்டெல்லும் ஆரம்பித்தது, 2018-இல் 400 ஸ்டேஷன்களை எட்டியது. எர்ணாகுளம் ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர், மூட்டை தூக்கிக்கொண்டே இயர்ஃபோனில் பாடம் கேட்டு, கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். அந்த ஸ்டேஷன் வைஃபைதான் அவருக்கு நூலகம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா மலிவானது. அதையே காரணமாகச் சொல்லி, 2020-இல் கூகுள் விலகிக்கொண்டது. ரயில்டெல் இன்றும் தினம் அரை மணி நேரம் இலவசமாகத் தருகிறது.

"டேட்டாதான் மலிவாச்சே, இன்னும் எதற்கு?" என்று கேட்பீர்கள். அன்றைய கோட்டா மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. சம்பளம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு வேலிடிட்டி முடிகிறது. வைகுண்ட ஏகாதசியன்று கோயில் பக்கம் போனால், டேட்டா இருந்தும் டவர் திணறுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பேரனுக்கு இந்திய நம்பர் இல்லாததால் ஓடிபியே வராது. இவர்கள் யாரும் வேகத்தைக் கேட்கவில்லை. முதல் தடவையிலேயே கனெக்ட் ஆக வேண்டும், எது நிஜமான வைஃபை என்று ஒரு பலகை சொல்ல வேண்டும், பயமில்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்படியானால் நம் வைஃபையைப் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்துவிடலாமா? கூடாது. 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது. அங்கே குடியிருந்தவருக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஆனாலும் போலீஸ் விசாரணை அவர் வீட்டுக்குத்தான் வந்தது. ஓடிபி கேட்பது நம்மைத் தொந்தரவு செய்ய அல்ல.

இதற்கு வழி உண்டு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'பிஎம் வாணி' திட்டத்தில், டீக்கடைக்காரர்கூட வைஃபை தரலாம். லைசென்ஸ் வேண்டாம், பதிவுக் கட்டணம் கிடையாது. பயன்படுத்துபவர் ஓர் ஆப்பில் ஒரு முறை பதிந்துகொண்டால் போதும்; யார் நுழைந்தார் என்ற கணக்கை இதற்கென்றே உள்ள நிறுவனம் பார்த்துக்கொள்ளும். இப்படித் தருபவர்களிடம், 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு இணைப்புக் கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே செலவு நம் பராமரிப்புக் கணக்கில் தாங்கும்.

"சினிமா பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான கவலைதான். பேருந்து நிலையத்தில் செய்தது போல, ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைத்துவிடலாம்.

உங்களுக்கும் இரண்டு வார்த்தை. வெளியிடத்து வைஃபையில் பேங்க் வேலை, யூபிஐ வேண்டாம். அதற்கு உங்கள் சொந்த டேட்டாவே நல்லது. வேலை முடிந்ததும் அந்த நெட்வொர்க்கை மொபைலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

செக்யூரிட்டி, வீட்டு வேலைக்கு வரும் அக்காமார், பார்சல் கொண்டுவரும் பையன்கள் என்று தினமும் நமக்காகக் கேட்டருகே நிற்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வைத்திருக்கிறோம். இதையும் வைப்போம். தீர்மானத்தை முன்மொழிகிறேன், சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்.