எகிப்தின் வெங்காயமும் நம் ஊர்க் கள்ளுக்கடையும்

(வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம். வாசகம்: எண்ணிக்கை 11:4-6)



ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வளாகத்தில் பெரியவர்கள் நாலு பேர் நின்றால், பேச்சு எப்படியும் பழைய ஊருக்குப் போய்விடுகிறது. நம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இது இன்னும் அதிகம். நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த பூமி இது. சிப்காட் வந்தது, இரும்பாலைகள் வந்தன, ஜி.என்.டி. ரோடு ஆறு வழிச்சாலை ஆனது. ஊர் கண்ணெதிரே மாறிவிட்டதால், அந்த நாளில் எந்தக் கடை எங்கே இருந்தது என்று சொல்லிப் பார்ப்பதில் நமக்கு ஒரு சந்தோஷம். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள் கடை, நோட்டில் எழுதிக்கொண்டு கடனுக்குச் சாமான் கொடுத்த மளிகைக்கடை, பண்டிகைக்கு மட்டும் நாம் படியேறிய ஜவுளிக்கடை, ரயிலடி டீக்கடை. நல்ல பேச்சுதான். பிள்ளைகள் கேட்க வேண்டிய பேச்சும்கூட.

ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஐந்தாறு கடைகளைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர், "கள்ளுக்கடையை விட்டுட்டீங்களே!" என்பார். அவ்வளவுதான். மளிகைக்கடையும் ஜவுளிக்கடையும் பின்னால் போய்விடும். யார் எவ்வளவு குடித்தார், தொட்டுக்கொள்ள என்ன கருவாடு கிடைத்தது, யார் வாய்க்காலில் விழுந்தார் என்று ஒரே சிரிப்பு. அதன் பிறகு ஊரைப் பற்றிய பேச்சு அந்தக் கடையை விட்டு நகராது.

அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் நம் அம்மாக்களைப் பாருங்கள். மளிகைக்கடை பற்றிப் பேசும்போது அவர்களும் பேசினார்கள். இந்தக் கடை வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் செருப்பைத் தேடுகிறார். இன்னொருவர், "வாங்க, அடுப்பில வேலை இருக்கு" என்கிறார். அதே ஊர், அதே கடை. ஆனால் அவர்களுடைய நினைவு வேறு. மளிகைக்கடை நோட்டில் கடன் ஏன் ஏறியது, காதுத் தோடு ஏன் அடகுக்கடைக்குப் போனது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நாம் கேட்பதில்லை.

நம் மாநிலத்தில் மதுவிலக்கு 1937-இல் சேலத்தில் தொடங்கி, 1948-இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் அது விலக்கப்பட்டு, கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறந்தன. 1974-இல் மூடின; 1981-இல் மறுபடி திறந்தன. பிறகு அவையும் போய், 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். ஆகவே இன்று அறுபது, எழுபது வயதில் இருப்பவர்களின் இளமையும் அந்தக் கடைகளின் காலமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இளமையை நினைத்தால் கடையும் கூடவே வருகிறது. கள்ளை மீண்டும் அனுமதிக்கலாமா என்பது வேறு விவாதம். பனையேறும் குடும்பங்களின் பிழைப்பும் அதில் இருக்கிறது. இன்று நாம் சிந்திப்பது நம் நினைவைப் பற்றி.

இன்றைய வாசகத்தில் இஸ்ரயேல் மக்களும் பழைய கதைதான் பேசுகிறார்கள். பாலைநிலத்தில் மன்னாவைத் தின்று சலித்துப்போய், எகிப்தை நினைக்கிறார்கள். மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டி, வெங்காயம், பூண்டு என்று பட்டியல் நீள்கிறது. மீன் காசில்லாமல் கிடைத்ததாம்! அந்தப் பட்டியலில் எது இல்லை? செங்கல் இல்லை. மேற்பார்வையாளனின் சாட்டை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மீன் எந்த ஆற்றிலிருந்து வந்தது? நைல் ஆற்றிலிருந்து. பிறந்த ஆண் குழந்தைகளை எறியச் சொல்லிப் பார்வோன் கட்டளையிட்டதும் அதே நைல் ஆற்றில்தான். மீனின் ருசி நாக்கில் நின்றுவிட்டது. ஆற்றங்கரையில் அழுத தாய்மாரின் குரல் மறந்துவிட்டது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. மீன் இருந்தது உண்மை. ஆனால் பாதி உண்மையை வைத்துக்கொண்டு, திரும்பி எகிப்துக்கே போகலாம் என்று நினைக்கும் அளவுக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். பாதி நினைவின் ஆபத்து அதுதான். அது போன காலத்தோடு நிற்பதில்லை. நாளை எந்தப் பக்கம் நடப்போம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. நம் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையன், ஆண்பிள்ளை என்றால் அந்தக் கடையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறான்.

மறந்துபோன அந்தக் குரல் ஒருமுறை எழுந்தது. ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆரம்பாக்கம் தாண்டி, தடா தாண்டி இதே சாலையில் வடக்கே போனால் நெல்லூர் மாவட்டம். அங்கே துபகுண்டா என்றொரு கிராமம். 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்கத்தின் இரவுப் பள்ளிகளில் கூலிவேலை செய்யும் பெண்கள் எழுத்துக் கற்றார்கள். பாடப்புத்தகத்தில் சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை இருந்தது. இது நம் கதைதானே என்று அவர்கள் பேசத் தொடங்கினார்கள். 1992-இல் ஒன்றுகூடி ஊரில் சாராயக்கடையை நடக்கவிடாமல் செய்தார்கள். அது பக்கத்துக் கிராமங்களுக்கும் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-இல் வந்த முழு மதுவிலக்கு இரண்டே ஆண்டில் தளர்த்தப்பட்டது என்பதும் உண்மை. ஆனாலும், ஆண்கள் சிரித்துச் சொன்ன கதையின் மறுபாதியைப் பெண்கள் ஊரறியச் சொன்னார்கள். அதை யாரும் திரும்பப் பெற முடியாது.

அப்படியானால் பெரியவர்களின் அந்த ஏக்கத்தில் நல்லது எதுவும் இல்லையா? இருக்கிறது. திராட்சை இரசத்தைத் திருச்சபை பாவம் என்று சொல்வதில்லை. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் கொடுத்ததும் திராட்சை இரசமே. அளவு மீறுவதையும் அடிமைத்தனத்தையும்தான் அது கண்டிக்கிறது. அந்தப் பெரியவர்கள் உண்மையில் தேடுவது கள்ளை அல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது. நாள் முழுக்க வெயிலில் உழைத்தவன் மாலையில் உட்கார ஓர் இடம், பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர். அதைத்தான் தேடுகிறார்கள். அந்தப் பசி நியாயமானது. ஆனால் அந்தக் கடை அதைத் தீர்த்ததா?

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் மத்தேயு டால்பட் என்றொரு கூலித் தொழிலாளி இருந்தார். பன்னிரண்டு வயதில் வேலைக்குப் போய், சிறுவயதிலேயே குடிக்கத் தொடங்கினார். வாரக் கூலியை நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்தே தீர்ப்பார். தெருவில் வயலின் வாசித்துப் பிழைத்தவரின் வயலினைத் திருடிக் குடித்ததும் உண்டு. 1884-இல் ஒரு நாள், கையில் காசில்லாமல் மதுக்கடை அருகே நின்றார். தான் அத்தனை நாள் வாங்கிக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். ஒருவர்கூட "வா" என்று கூப்பிடவில்லை. அவர் வீட்டுக்குப் போய், குடியை விடப் போவதாகத் தாயிடம் சொன்னார். 1925-இல் திருப்பலிக்குப் போகும் வழியில் விழுந்து இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் குடிக்கவில்லை. அந்த வயலின்காரரைப் பல ஆண்டுகள் தேடினார். கிடைக்காதபோது அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. தோழமை கிடைக்கும் என்று அவர் நம்பிய கடைவாசலில் அவருக்குத் தோழர்கள் இல்லை. தான் செய்ததை மறைக்காமல் நினைவில் வைத்திருந்ததால்தான் அவரால் வயலின்காரரைத் தேட முடிந்தது.

நினைவுகூர்வது எப்படி என்று திருச்சபையிடம் நாம் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு திருப்பலியும் ஒரு நினைவுதான். அது ஓர் இனிய விருந்தின் நினைவு: அப்பம், கிண்ணம், சுற்றிலும் நண்பர்கள். ஆனால் புனித பவுல் கொரிந்தியருக்கு அதைச் சொல்லும்போது எப்படித் தொடங்குகிறார்? அது ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவு என்று தொடங்குகிறார். விருந்தைச் சொல்லிவிட்டுத் துரோகத்தை விட்டுவிடலாம் என்று திருச்சபை ஒருநாளும் நினைத்ததில்லை. இரண்டையும் சேர்த்தே பீடத்தில் வைக்கிறது. முழுவதையும் நினைப்பதால்தான் அந்த நினைவு நமக்கு மீட்பு தருகிறது.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, மூன்று காரியங்கள். முதலாவது, பழைய ஊரைப் பற்றிப் பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். ஆனால் வீட்டு அம்மாக்களையும் பாட்டிமார்களையும் கூட உட்காரவைத்து, அவர்கள் முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். இரண்டாவது, நம் சிப்காட் பகுதியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தம்பிகள் ஓர் அறைக்குப் பலராகத் தங்கியிருக்கிறார்கள். வேலை முடிந்தால் அவர்கள் உட்கார எந்த இடம் இருக்கிறது? நம் அன்பியங்கள் மாதம் ஒரு மாலையாவது அவர்களை அழைத்து, தேநீர் கொடுத்து, பெயர் கேட்டுப் பேசினால், அதுவே பெரிய மறையுரை. மூன்றாவது, குடியிலிருந்து மீள விரும்புகிறவர்கள் வெட்கப்பட வேண்டாம். அது நோய், மருத்துவம் உண்டு. 14446 என்ற எண்ணை இலவசமாக அழைக்கலாம். 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் நம் நாட்டிலும் கூடுகின்றன. பங்கு இல்லத்தின் கதவையும் எந்த நேரத்திலும் தட்டலாம்.

ஆண்டவரே, எங்கள் நினைவுகளைக் குணமாக்கும். நாங்கள் சிரித்து மறைத்ததை உண்மையோடு காண எங்களுக்குக் கண் தாரும். மௌனமாக நின்றவர்களின் கண்ணீரை நீர் மறக்கவில்லை. நாங்களும் மறவாதிருக்கச் செய்யும். எகிப்தை நோக்கித் திரும்பும் எங்கள் கால்களை உமது வாக்களித்த நாட்டை நோக்கி நடத்தும். ஆமென்.