தன்னையும் ஹிம்செல்ஃபும்

ஆங்கிலம் கற்பித்தல் பற்றிப் பேசக் காரைக்காலில் கூடியிருப்பது பொருத்தமே. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர் இது. ஒருவர் பிரெஞ்சில் "ஜ மாப்பெல்" என்று பெயர் சொன்னால், சொல்லுக்குச் சொல் அது 'நான் என்னை அழைக்கிறேன்' என்றாகும், குற்றமற்ற வழக்கு. "மைசெல்ஃப் குமார்" என்றால் மட்டும் ஆங்கில ஆசிரியரின் சிவப்பு மை பாய்கிறது. தன்னைச் சுட்டும் சொல் எங்கே வரலாம் என்பது மொழிக்கு மொழி மாறும் ஏற்பாடு. ஆகவே இந்த இடத்தில் நம் மாணவர் செய்யும் பிழைகளைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. அவற்றுள் முக்கியமானவை தமிழிலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றியதால் விளைந்தவை என்பதே என் வாதம்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'ஆசிரியர் தன்னைப் பாராட்டினார் என்று முருகன் சொன்னான்.' பாராட்டுப் பெற்றவன் முருகன். தமிழ் அறிந்த யாருக்கும் இதில் ஐயம் வராது. ஆசிரியரின் தற்பெருமையைச் சொல்வதானால் 'தம்மைத் தாமே பாராட்டிக்கொண்டார்' என்போம். ஒரு 'ஏ'யும் ஒரு 'கொள்'ளும் வந்து சேரும். மாணவன் முதல் வாக்கியத்தை ஆங்கிலமாக்குகையில் 'தன்னை'க்கு நேராக 'ஹிம்செல்ஃப்' என்று எழுதுகிறான். அந்தக் கணமே பாராட்டு முருகனிடமிருந்து ஆசிரியருக்குப் போய்விடுகிறது! ஆங்கிலத்தில் அந்தச் சொல் தன் சிறுவாக்கியத்துக்குள்ளேயே எழுவாயைத் தேடும்; மொழியியலாளர் சாம்ஸ்கி 1981இல் வெளியிட்ட நூலில் வகுத்த விதிகளில் ஒன்று ஏறத்தாழ இதுதான். நம் 'தான்' அப்படி அடைபட்டுக் கிடப்பதில்லை. உள்ளிருந்தபடியே வெளியிலுள்ள எழுவாயைச் சுட்டும். அந்த இடத்துக்கு ஆங்கிலம் வைத்திருப்பது வெறும் 'ஹிம்'. 'தன்னுடன் குடை கொண்டுபோனான்' என்பதும் இதே கதைதான்: 'வித் ஹிம்' போதும், 'வித் ஹிம்செல்ஃப்' மிகை. 'சவரம் செய்துகொண்டான்' என்பதற்கு 'ஹி ஷேவ்ட்' என்றாலே முடிந்தது. ஆனால் கத்தியால் 'வெட்டிக்கொண்டான்' என்றால் 'ஹிம்செல்ஃப்' இல்லாமல் ஆகாது. நாம் வினையில் ஏற்றும் சுமையை ஆங்கிலம் சில வினைகளில் இறக்கி வைத்துவிடுகிறது, சிலவற்றில் பெயரின் தலையில் கட்டுகிறது.

ஆங்கில வகுப்பில் தமிழ் எதற்கு, விதியை மனப்பாடம் செய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 'எழுவாயும் செயப்படுபொருளும் ஒருவரே ஆனால் செல்ஃப் போடு' என்ற விதியைத்தான் இத்தனை காலமாகச் சொல்லி வருகிறோம். முருகன் வாக்கியத்தில் மாணவன் அந்த விதியை மீறவில்லை. எழுவாய் எது என்பதில்தான் தமிழ்வழி நின்றுவிட்டான். "மைசெல்ஃப்" என்று இந்திக்காரரும்தானே சொல்கிறார்கள், தமிழை ஏன் குறை சொல்ல வேண்டும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தொடருக்குத் தமிழைக் காரணம் காட்ட என்னிடம் சான்று இல்லை. என் வாதம் அதன்மேல் நிற்கவும் இல்லை. ஆங்கிலேயரே 'ஜானும் நானும்' என்று அடக்கமாகச் சொல்வதாக எண்ணி அங்கே 'மைசெல்ஃப்' போடுவதுண்டு. பழைய ஆங்கிலத்தில் 'செல்ஃப்' பெரிதும் அழுத்தம் தருவதற்கே பயன்பட்டது, ஏறக்குறைய நம் 'நானே வந்தேன்' போல.

தொல்காப்பியப் பெயரியல் 'தான்' ஒருமைக்கு, 'தாம்' பன்மைக்கு என்று பிரித்து, இரண்டையும் இருதிணைக்கும் பொதுவாக வைக்கிறது. அதைப் படித்த தமிழாசிரியர் பக்கத்து வகுப்பில்தான் இருக்கிறார். இந்தக் கருத்தரங்கில் பயிற்சித்தாள் தயாரிக்கும் நண்பர்கள், ஒவ்வோர் ஆங்கில வாக்கியத்தின் பக்கத்திலும் அதன் தமிழ் வடிவத்தை எழுதி, 'தன்' யாரைச் சுட்டுகிறது என்று ஒரு கேள்வியையும் சேர்த்து அச்சுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.