ஊமை என்று பெயர் வைத்தது யார்?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



மொழியும் அதிகாரமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். மொழின்னு சொன்னதும் எனக்கு எங்க அக்கா ஞாபகம்தான் வருது. பிறவியிலேயே காது கேட்காது. ஊர்க்காரங்க யாரும் அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘ஊமச்சி’தான். சேரிக்காரங்கன்னு ஏற்கெனவே எங்களுக்கு ஒரு பேர் வச்சிருந்தாங்க, அதுக்கு மேல இது ஒண்ணு. அவளைச் சேர்த்த பள்ளிக்கூடத்தில் கையை ஆட்டினால் ஸ்கேலால் அடி. ‘என் வாயைப் பாரு, உன் வாயை அசை’ என்பதுதான் அங்கே பாடம். வீட்டில் எங்களுக்குத் தெரிந்தது சோறு, தண்ணி, வா, போ என்று ஒரு இருபது சாடை. பதினாலு வயசில் தையல் வேலைக்குப் போன இடத்தில்தான், காது கேளாத ரெண்டு பொண்ணுங்ககிட்ட அக்கா சைகை மொழி கத்துக்கிட்டா. அதுவரைக்கும் அந்த இருபது சாடையில்தான் ஒரு உசிரு வாழ்ந்திருக்கு.

‘அவளுக்கு மூளை மந்தம்’ என்று வாத்தியார் அப்பாகிட்டச் சொன்னார். அப்பா தலையை ஆட்டிட்டு வந்துட்டார். அந்த மூளையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

1861இல் பிரான்சில் ப்ரோக்கா என்ற மருத்துவர், ‘டான்’ என்ற ஒரே ஒலியை மட்டும் சொல்ல முடிந்த ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்த பிறகு அறுத்துப் பார்த்தார். இடப்பக்க மூளையின் முன்பகுதி சிதைந்திருந்தது. 1874இல் ஜெர்மனியில் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்வதற்கு இடப்பக்கத்திலேயே பின்னால் இன்னொரு பகுதி வேண்டும் என்று காட்டினார். மொழி பெரும்பாலோருக்கு இடப்பக்க மூளையில் என்பது அப்படி நிலைத்தது. மொழி என்றால் வாயும் காதும் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் 1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்விக்கு ஒரு மாநாடு. 160க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். அதில் காது கேளாதவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். கேட்கிறவர்கள் கூடி உட்கார்ந்து, இனி வாய்ப்பேச்சுதான் கல்வி, சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். யாரைப் பற்றிய தீர்மானமோ அவர்களுக்கு அங்கே குரல் கிடையாது. இந்தக் கதை நமக்குப் புதுசு இல்லை. எங்க அக்கா கையில் விழுந்த ஸ்கேல் அங்கேயிருந்து கிளம்பி வந்ததுதான். அந்தத் தீர்மானங்களை நிராகரித்து, அதனால் விளைந்த கேட்டுக்கு அதே மாநாட்டு அமைப்பு வருத்தம் தெரிவித்தது 2010இல், வான்கூவரில். 130 வருஷம் கழிச்சு!

சைகை வெறும் சாடை, அதுக்கு இலக்கணம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 1960இல் வில்லியம் ஸ்டோகீ பதில் சொன்னார். அவர் அமெரிக்காவில் காது கேளாதோருக்கான கலாடெட் கல்லூரியில் ஆசிரியர். கையின் வடிவம், இடம், அசைவு ஆகியவற்றைப் பிரித்துக் காட்டினார். எழுத்தொலிகள் சேர்ந்து சொல்லாவது போல இவை சேர்ந்துதான் சைகையாகிறது. ஒன்றை மாற்றினால் பொருளே மாறிவிடும்.

அப்படியானால் மூளையில் இது எங்கே இருக்கிறது? சைகை மொழி கண்ணால் பார்ப்பது, வெளியில் வரைவது. இடம், திசை, வடிவம் இதையெல்லாம் கவனிப்பதில் வலப்பக்க மூளைக்குப் பெரும் பங்கு. அப்ப சைகை மொழியும் வலப்பக்கம்தானே இருக்கணும்? சால்க் ஆய்வு நிறுவனத்தில் உர்சுலா பெலூகி, எட்வர்ட் க்ளீமா, ஹோவர்ட் பாய்ஸ்னர் மூவரும், பக்கவாதம் போன்றவற்றால் மூளை பாதிக்கப்பட்ட, சைகை மொழி பேசும் காது கேளாதவர்களை ஆராய்ந்து 1987இல் நூலாக வெளியிட்டார்கள்.

என்ன கண்டார்கள்? வலப்பக்கம் பாதிக்கப்பட்ட ஒருவர் ஓவியர். படம் வரைந்தால் இடது பாதியை விட்டுவிடுகிறார். ஆனால் அவருடைய சைகை மொழிக்கு ஒரு குறையும் இல்லை. இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்கள் படத்தைப் பார்த்து ஒழுங்காக வரைகிறார்கள், கை அசைகிறது, ஆனால் மொழி உடைந்துபோயிருக்கிறது. ஒருவர் ஒவ்வொரு சைகையாகத் திக்கித் திணறுகிறார். இன்னொருவருக்குச் சரளம் இருக்கிறது, இலக்கணம் குழம்புகிறது. கேட்கிறவர்களிடம் ப்ரோக்காவும் வெர்னிக்கேயும் பார்த்தது போலத்தான். 1992இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், இடப்பக்கம் பாதிக்கப்பட்ட ஒருவர் சைகைச் சொல் வராதபோது நடித்துக் காட்டினார். சாடை வேறு, மொழி வேறு என்று மூளையே பிரித்துச் சொல்லிவிட்டது.

2000இல் லாரா ஆன் பெட்டிட்டோ குழுவினர் காது கேளாத 11 பேரை ஸ்கேன் செய்தார்கள். ஒலியை வாங்கும் இடம் என்று நினைத்திருந்த மூளைப் பகுதி, காதில் ஒன்றுமே விழாத அவர்களிடம் சைகையின் அசைகளைப் பார்த்தபோது வேலை செய்தது. வலப்பக்கத்துக்கும் பங்கு உண்டு. ஹெலன் நெவில் குழுவினர் 1998இல் அதைக் காட்டினார்கள். எந்த அளவு என்ற விவாதம் பிறகும் நடந்தது. ஆனால் மையமான பாரத்தை இடப்பக்கம் சுமக்கிறது என்பதில் குழப்பமில்லை.

இப்ப நான் அக்காகிட்ட வர்றேன். இந்த ஆய்வுகளில் வருகிறவர்களில் பலர், காது கேளாத பெற்றோரிடம் பிறந்து தாய்மடியிலேயே சைகை கற்றவர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மற்றவர்கள் எங்க அக்கா மாதிரி, கேட்கிற வீட்டில் பிறந்தவர்கள். ரேச்சல் மேபெரி குழுவினர் 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பிறப்பிலிருந்து 14 வயது வரை வெவ்வேறு வயதில் சைகை கற்றவர்களின் மூளையைப் பார்த்தார்கள். கற்ற வயது தள்ளிப்போகப் போக இடப்பக்க முன்பகுதியின் வேலை குறைந்தது, பின்னால் பார்வைப் பகுதியின் வேலை கூடியது. மொழியாகப் பிடிபட வேண்டியதைக் கண்ணால் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதே மேபெரி 2002இல் காட்டிய இன்னொன்று: சின்ன வயசிலேயே சைகை கற்ற பிள்ளைகள் பிறகு ஆங்கிலத்தையும் நன்றாகக் கற்றார்கள். கையை ஆட்டினால் பேச்சு வராது என்று அடித்தார்களே, அது பொய்.

அக்காவுக்கு மூளை மந்தம் இல்லை. மூளை மொழிக்குக் காத்துக்கிட்டிருந்த வருஷங்களில் நாம கொடுக்கலை. அவ்வளவுதான்.

கறுப்பினத் தோழர்கள் கதை ஒன்று. அமெரிக்கத் தென் மாநிலங்களில் காது கேளாத கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள். லூசியானாவில் 1978 வரை இருந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சைத் திணித்தார்கள். கறுப்புப் பிள்ளைகளுக்கு அந்த அளவு செலவழிக்க மனசில்லை. அதனால் அங்கே சைகை தழைத்தது. இரண்டு கையால் செய்யும் பழைய சைகைகள் அவர்களிடம்தான் நிலைத்தன. கரோலின் மெக்காஸ்கில் என்ற கறுப்பினக் காது கேளாத பெண், 1968இல் வெள்ளைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மாறியபோது அங்குள்ள சைகை அவருக்குப் புரியவில்லை. தங்கள் சைகைதான் மட்டம் என்று நினைத்துக் கூசினார்கள். பின்னாளில் அவரே தோழர்களோடு சேர்ந்து அந்த மொழியை ஆராய்ந்து 2011இல் நூலாக்கினார். ஒதுக்கப்பட்ட இடத்தில் இருந்தது முழுமையான மொழி.

நம் தெருவில் காது கேளாத பிள்ளை இருந்தால், வாய் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காது கேளாத பெரியவர்களைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் கையை அசையுங்கள். காதுக்குக் கருவி வைப்பதாக இருந்தாலும் சரி, சைகையை நிறுத்தாதீர்கள். வயசு போகப் போகக் கஷ்டமாகிவிடும்.

இந்தப் பேச்சைத் தயாரித்ததும் அக்காவிடம் சைகையில் சொல்லிக் காட்டினேன். நான் கத்துக்கிட்டதும் லேட்டுதான். தப்புத் தப்பாத்தான் வரும். பாதியில் என் கையைப் பிடித்துத் திருத்தினாள். அப்புறம் கேட்டாள்: ‘இதை அந்த வாத்தியார்கிட்ட யார் சொல்றது?’

தோழர்களே, நாமதான் சொல்லணும்.