மூணாவதா வந்த மிராண்டா

டெக்சாஸ்ல லிண்டேல்னு ஒரு சின்ன ஊர். மிராண்டா லாம்பர்ட்டோட அப்பா முன்னாள் போலீஸ்காரர். மனைவியோட சேர்ந்து துப்பறியும் ஏஜென்சி நடத்தினவர். (சீரியல் கதை மாதிரி இருக்குல்ல?) கூடவே கன்ட்ரி பாட்டுக்காரர். டீனேஜ்ல நாஷ்வில் போய் மிராண்டா ஒரு டெமோ பதிவு பண்ணாங்க. பாட்டெல்லாம் பாப் சாயல்ல இருந்தது, பிடிக்கல. ஊருக்குத் திரும்பி, அப்பாகிட்டயே கிடார் கத்துக்கிட்டு, சொந்தமா எழுத ஆரம்பிச்சாங்க. என்னைக் கேட்டா, திருப்பம் இதுதான், டிவி இல்ல.

2003ல 'நாஷ்வில் ஸ்டார்' போட்டி. பட்டம் பட்டி ஜுவலுக்கு. மிராண்டாவுக்கு மூணாவது இடம்தான். ஆனாலும் சோனி கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டுச்சு. 2005ல 'கெரோசின்' ஆல்பம். 12 பாட்டுல 11 பாட்டு அவங்க தனியாவோ, சேர்ந்தோ எழுதினது. பில்போர்டு கன்ட்ரி ஆல்பம் பட்டியல்ல வந்ததுமே முதலிடம்.